ஜெரோமின் இடது கை

1

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் முதலில் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் கீழே ஒரு தெப்பனர் இருக்கிறது. மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். லவாலுக்கு வீடு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மரக்கறி வாங்கவோ பூசைக்கோ அந்தப் பக்கம் போனால் அந்தக் கடைக்குள் ஒருமுறை நுழைவேன். வாங்குவதற்கு எதுவும் இருக்காது. லொத்தர் இயந்திரத்துக்கு மேலே, சுவரில், என் மகன் ஜெரோமின் படம் ஒட்டியிருக்கும். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்த படம். வலது காலைத் தூக்கி, இடது கையைத் தலைக்குப் பின்னால் வளைத்து, பந்தை விடப்போகும் நேரத்தில் எடுத்தது. கடைக்காரர் தானாகவே வெட்டி ஒட்டியிருந்தார்.

போன கிழமை போனேன். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். படம் இல்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். நான் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். "மதாம், அது நல்லா மஞ்சளாகிவிட்டது" என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு, "மகன் சுகமா?" என்றார்.

"சுகம், மெர்சி" என்றேன். சும்மா வர வெட்கமாக இருந்தது. ஒரு பெட்டி பால் வாங்கிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

ஊரில் பலருக்கு என் மகன் அமெரிக்காவில் ஏதோ பந்து விளையாடிப் பெயர் எடுத்தவன் என்று தெரியும். இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி வந்திருக்கிறேன். காயம் என்றிருக்கிறேன். ஓய்வு என்றிருக்கிறேன். இந்த ஜூனோடு அவன் கடைசியாகப் பெரிய மைதானத்தில் நின்று நான்கு வருடம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறது.

2

மன்னாரில் நான் நான்கு வருடம் தமிழ் படிப்பித்தேன். என் கணவர் ஞானப்பிரகாசம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். மொன்றியலுக்கு வந்த பிறகு அவர் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தார். நான் ஏழு வருடம் உறைந்த கோழி பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகுதான் ஒரு கார்தெறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை கிடைத்தது.

ஜெரோம் இங்கே பிறந்தவன். எங்களுக்கு அவன் ஒருவன்தான். சின்ன வயதிலேயே எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டினான். சாப்பிட மட்டும் அடித்து அடித்து வலது கைக்குப் பழக்கினேன். எழுதுவதை மாற்ற முடியவில்லை. பங்கில் உள்ள பெண்கள், "இப்பவே மாத்தாட்டி பேந்து மாத்தேலாது" என்று என்னைப் பயப்படுத்தினார்கள்.

அந்த இடது கைக்காகத்தான் அவனைக் கேட்டு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முசியே லூக் என்பவர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த பூங்காவில் பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்கினார். இந்த நகரத்துக்கு ஒரு காலத்தில் பெரிய அணி ஒன்று சொந்தமாக இருந்து, பிறகு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அந்தக் கவலை அவருக்குக் கடைசிவரை போகவில்லை. அவருடைய குழுவில் இடது கையால் வீச ஒரு பிள்ளை இல்லை. மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்கள் பையனை எனக்குக் கொடுங்கள்" என்றார். சனிக்கிழமைகளில் என்றார்.

சனிக்கிழமைகளில் நான் பங்கு மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெரோம் அந்த வகுப்பில் இருந்தான். உயிர் எழுத்து முடித்து, மெய்யில் பாதி வந்திருந்தான். நான் விட்டுக்கொடுத்தேன். பிள்ளை வெயிலில் ஓடி விளையாடட்டும் என்று நினைத்தேன்.

பள்ளியில் பிரெஞ்சு, நண்பர்களோடு ஆங்கிலம், வீட்டில் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் அளவான தமிழ். இப்படித்தான் வளர்ந்தான். "அம்மா, சப்பாத்து உடுத்திட்டன்" என்பான். "உடுப்பைத்தான் உடுக்கிறது. சப்பாத்துப் போட்டிட்டன் எண்டு சொல்லு" என்பேன். சொல்வான். பதின்மூன்று பதினாலு வயதுக்குப் பிறகு திருத்தினால் சிரித்துவிட்டுப் பிரெஞ்சுக்குப் போய்விடுவான். அதிலிருந்து தொலைபேசியிலும் என்னோடு பிரெஞ்சுதான்.

3

பதினெட்டு வயதில் அமெரிக்க அணி ஒன்று அவனை எடுத்தது. அதற்கு முன் அந்த அணியிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் பொரித்து வைத்த ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு என் கணவரை எழும்பி நிற்கச் சொன்னார். மேலும் கீழும் பார்த்தார். ஜெரோம் மொழிபெயர்த்தான். "நான் இன்னும் வளருவனோ எண்டு அப்பாவைப் பார்க்கிறார்." என் கணவர் அவ்வளவு நேரமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அவன் செய்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு விளங்கும். பேஸ்போலில் ஒருவர் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து வீசுவார். அவர் களைத்தால், அல்லது அடிவாங்கத் தொடங்கினால், அவரை எடுத்துவிட்டு இன்னொருவரை விடுவார்கள். எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அப்படி நடுவில் வருகிறவனுக்கு ரிலீவர் என்று பெயர். என் மகன் ரிலீவர்.

மைதானத்தின் ஓரத்தில், வேலிக்குப் பின்னால், ஏழெட்டுப் பேர் அதற்காகக் காத்திருப்பார்கள். அந்த இடத்தின் ஆங்கிலப் பெயருக்கு மாட்டுப்பட்டி என்றுதான் பொருள். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். அடித்தால் யாராவது ஒருவன் எழும்பிக் கையைச் சூடாக்க வேண்டும். சில நாள் முழுக்கச் சூடாக்கிய பிறகு, வேண்டாம், இரு என்பார்கள். அந்த வீச்சும் கைக்குக் கணக்குத்தான், ஆனால் யாரும் அதை எழுதி வைப்பதில்லை. கூப்பிட்டால் ஓட வேண்டும். போய் நிற்கும்போது நிலைமை ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். வேறொருவன் விட்ட பிழையால் எதிரணிக்காரர் இரண்டு பேர் மூன்று பேர் ஓடுவதற்குத் தயாராக நிற்பார்கள். அதை இவன் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினால் முதலில் வீசியவனுக்குப் பெயர். காப்பாற்றாவிட்டால் இவனைப் பார்த்துக் கத்துவார்கள்.

இதை ஜெரோம் விளக்கியபோது என் கணவர் தலையை ஆட்டினார். "இது எங்கட வேலை மாதிரித்தான். ஆரோ ஊத்திவிட்டதை நாங்கள் போய்த் துடைக்கிறம்" என்றார்.

ஏழு வருடம் சின்ன அணிகளில் இருந்தான். கீழிருந்து மேலே படிப்படியாக. பெயர் கேள்விப்படாத ஊர்கள், நாள்கணக்கில் பஸ் பயணம், நான்கு பேருக்கு ஒரு வீடு. அவனோடு சேர்ந்த பலர் அனுப்பப்பட்டுவிட்டார்கள். இவன் நின்றான். இடது கைக்காரன், கூப்பிட்ட நேரத்தில் வருவான், முறையிட மாட்டான் என்று அவனைப் பற்றிச் சொன்னார்களாம். முறையிட மாட்டான் என்பதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

4

எட்டாவது வருட ஏப்ரல். பெரிய அணிக்கு ஒரு படி கீழே, அமெரிக்காவின் வடக்கில் ஒரு ஊரில் இருந்தான். பெரிய அணியில் இடது கைக்காரன் ஒருவனுக்கு முதுகில் காயம் என்றும், அடுத்த இடம் ஜெரோமுக்குத்தான் என்றும் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் நான் கார்தெறியில் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி எடுத்தான். பஸ்ஸில் இருந்தான். பக்கத்தில் அவனோடு அறையில் இருக்கும் கியூபெக் பொடியன் இருப்பது குரலில் தெரிந்தது. பிரெஞ்சில் கதைத்தால் அந்தப் பொடியனுக்கு விளங்கும். ஆங்கிலத்தில் கதைத்தால் பஸ்ஸுக்கே விளங்கும். அதனால் தமிழில் கதைத்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் முழுவதாகத் தமிழில் கதைத்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, என்ட விரல் குளிருது."

"எந்த விரல் ராசா?"

"ரெண்டு. சின்ன விரல். பக்கத்து விரல். இடது கை."

"அங்க இன்னும் குளிர்தானே. கையுறை போடு. சுடுதண்ணிக்குள்ள கையை வை."

பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நான் இங்க டொக்டருக்குச் சொல்லவோ?"

"குளிருது எண்டு போய் டொக்டருக்குச் சொல்லுறதே? இவ்வளவு காலம் பொறுத்தனி. இன்னும் கொஞ்சம் பொறு."

"ஓம்" என்றான். வைத்துவிட்டான்.

5

ஜூனில் பெரிய அணிக்குக் கூப்பிட்டார்கள். செய்தி வந்ததும் என் கணவர் வேலைத்தலத்துக்குச் சொல்லிவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். என்னால் போக முடியவில்லை.

கியூபெக்கில் ஒரு பெண் கல்யாணம் செய்தாலும் தன் பிறந்த பெயரில்தான் இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நான் கணவரின் பெயரோடு பதிந்த பத்திரங்களோடு இந்த நாட்டுக்குள் வந்தவள். மருத்துவ அட்டையில் ஒரு பெயர், குடியுரிமைப் பத்திரத்தில் இன்னொரு பெயர். அந்த வருடம் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகவே கேட்டாள்.

"மதாம், உங்கள் குடும்பப் பெயர் எது?"

"எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை. இது என் கணவரின் பெயர். அவருடைய சொந்தப் பெயர்."

"அப்படியென்றால் அவருடைய குடும்பப் பெயர்?"

"அது அவருடைய தகப்பனின் பெயர்."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அவள் இன்னொரு படிவம் தந்தாள். ஊரிலிருந்து பிறப்புப் பத்திரம் புதிதாக எடுத்து, மொழிபெயர்த்து, சத்தியக் கடதாசியோடு கொண்டுவரச் சொன்னாள். அந்தக் கடதாசிகள் வந்து சேர்வதற்குள் மகனுடைய நாட்கள் முடிந்துவிட்டன.

என்னை விட்டுப் போக மாட்டேன் என்று என் கணவரும் பெட்டிகளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். லவால் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த உடுப்போடு, ரிவிக்கு முன்னால் இருந்தோம். எட்டாவது சுற்று. மூன்று பேர் ஓடுவதற்கு நிற்கிறார்கள். ஓரத்துக் கதவு திறந்து ஜெரோம் ஓடி வந்தான். முதுகில் ஞானப்பிரகாசம் என்று ஆங்கிலத்தில். அவ்வளவு நீளப் பெயரை ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை வில்லாக வளைத்துத் தைத்திருந்தார்கள்.

என் கணவர் எழும்பி நின்றார். "பார், என்ட பேர்" என்றார்.

அடிக்க நின்றவனும் இடது கைக்காரன். ஐந்து பந்து. கடைசிப் பந்தில் அவன் காற்றை அடித்தான். சுற்று முடிந்தது. ஜெரோம் தலையைக் குனிந்தபடி ஓடிப்போனான். முழுக்க ஐந்து நிமிடம்கூட இல்லை. என் கணவர் அழுதார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கிளிநொச்சிப் பக்கம் அவருடைய தம்பி செத்த செய்தி வந்தபோதுகூட எழும்பி வேலைக்குப் போனவர்.

அன்றைக்குத்தான் அந்தப் படம் எடுத்தார்கள்.

6

பெரிய அணியில் மொத்தம் பதினேழு நாள் இருந்தான். நான்கு முறை வீசினான். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் குறை சொல்ல முடியாது.

நான்காவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். அவன் ஓடி வரும்போதே இடது கையை உதறினான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். முதல் ஆளுக்குப் போட்ட நான்கு பந்தும் எங்கோ போனது. அப்படிப் போனால் அடிக்க நின்றவன் சும்மா நடந்தே முதல் இடத்துக்குப் போகலாம், போனான். இரண்டாவது ஆளுக்குப் பந்து கைநழுவி அவனுடைய விலாவில் பட்டது. விளையாட்டு மைதானம் முழுக்க ஊளையிட்டது. அது ஜெரோமின் சொந்த மைதானம். சொந்த ஆட்கள். என் கணவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிற்பாட்டினார்.

அதனால் மூன்றாவது ஆளுக்குப் போட்ட பந்தைச் சத்தமில்லாமல்தான் பார்த்தோம். வீசினான். பந்து பாதி வழியில் நிலத்தில் பட்டு உருண்டது. ஜெரோம் இரண்டடி முன்னால் நடந்து, முழங்கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தான். யார் யாரோ ஓடி வந்தார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு கையைத் தாங்கிக்கொண்டு நடந்து போனான். வேறொருவன் ஓரத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான்.

7

முழங்கைக்குள் இருக்கும் நார் முழுக்க அறுந்திருந்தது. அதற்குப் பக்கத்தால் போகும் நரம்பும் நசிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னால் என் கடவுச்சீட்டு வந்துவிட்டது. நான் அமெரிக்காவுக்கு முதன்முதலாகப் போனது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

டொக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நார் அறுவது இந்த விளையாட்டில் புதிதில்லை, அதைத் தைக்கலாம் என்றார். நரம்புக்குத்தான் பிந்திவிட்டது என்றார். "இந்த இரண்டு விரலும் எப்போதிருந்து விறைக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஏப்ரலில் இருந்து."

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

ஜெரோம் என்னைப் பார்க்கவில்லை. "அம்மாவிடம் சொன்னேன். ஆனால் எனக்குத் தமிழில் அந்தச் சொல் தெரியாது. குளிர்கிறது என்று சொல்லிவிட்டேன்" என்றான். டொக்டர் மரியாதைக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கதை எங்கள் ஆட்களுக்குள் பரவிவிட்டது. என் ஒன்றுவிட்ட அக்கா றீற்றா, பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். "விறைக்குது எண்ட ஒரு சொல் தெரிஞ்சிருந்தா அவன் இண்டைக்குக் கோடீஸ்வரன். இதுக்குத்தான் பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பியுங்கோ எண்டு சொல்லுறது." அந்த வருடம் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் கூடச் சேர்ந்தார்கள் என்று பாதிரியார் சொன்னார். ஜெரோமும் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறான். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் மட்டும் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து, "ஊர்ப்பிள்ளையளுக்கெல்லாம் படிப்பிச்சனி. என்ட பிள்ளைக்குப் படிப்பிக்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

பதினாலு மாதம் பயிற்சி. கை நீண்டது, மடங்கியது, வீசியது. வேகம் திரும்பவில்லை. பந்தின் தையலை அந்த இரண்டு விரலும் உணரவில்லை. திரும்பவும் கீழேயிருந்து தொடங்கினான். அடுத்த வருடம் மே மாதத்தில் அவனைக் கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்திரிகையில் ஒரேயொரு வரி. பிரெஞ்சில் அதற்குப் போட்ட சொல், லிபெறே. விடுதலை செய்யப்பட்டான். றீற்றா அக்கா தொலைபேசி எடுத்து, "ஜெரோமை ஆரடி பிடிச்சு வைச்சிருந்தவங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருக்கிறது.

ஒரு கோடைக்குக் கியூபெக்கில் ஒரு சின்ன அணியில் வீசிப் பார்த்தான். பாதியில் வந்துவிட்டான். இருபத்தெட்டு வயது. சேஷெப்பை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியை, முடிக்கவில்லை. வேலை மையத்தில் படிவம் நிரப்பும்போது, பத்து வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்ற இடத்தில் லான்சர் என்று எழுதினான். எறிகிறவன். அங்கிருந்த ஆள் அதைத் தொழிற்சாலை வேலை ஏதோ என்று நினைத்து, எந்த இயந்திரம் என்று கேட்டாராம். எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தான். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அதன்பிறகு மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம்.

ஒரு தளபாடக் கடையின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. அரை மணித் தூரத்தில், கர்க்லாண்டில், ஒரு நண்பனின் வீட்டு நிலவறையில் இருந்தான். எங்கள் வீட்டில் அறை இருந்தது. வரவில்லை.

8

இனி எழுதப்போவதை என் கணவருக்கும் சொன்னதில்லை.

நான்காம் பகுதியில் அந்தத் தொலைபேசிக் கதையை எழுதினேன். எல்லோருக்கும் சொன்ன மாதிரியே எழுதினேன். அதில் ஒரு வரியை விட்டுவிட்டேன். எந்த விரல் என்று நான் கேட்டு அவன் சொன்ன பிறகு, இன்னொன்றும் சொன்னான். "பந்தைப் பிடிச்சா, பிடிச்சது தெரியேல்லை அம்மா" என்றான்.

எனக்கு விளங்கியது. அந்த நிமிடமே விளங்கியது.

ஏழு வருடம் உறைந்த கோழி பொதி செய்தவள் நான். குளிர் வந்தால் ஐந்து விரலையும் பிடிக்கும். பார்த்துப் பார்த்து இரண்டு விரலைப் பிடிக்காது. கையில் இருப்பது தெரியாமல் போவதற்குப் பெயர் குளிர் இல்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை சொல் தெரியாமல் தடுமாறுகிறான், விறைப்பைச் சொல்கிறான், அவனுக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் எனக்கு எடுத்திருக்கிறான் என்று எல்லாம் தெரிந்தது. சூப் அகப்பை கையில் இருந்தது. இருபது பிள்ளைகள் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாட்டாகச் சொல்ல மாட்டேன். யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

அந்தத் தொழிற்சாலையில் ஒருமுறை நான் மேற்பார்வையாளரிடம் போய், விரல்கள் விறைக்கின்றன, கத்தி பிடிப்பது தெரியவில்லை என்று சொன்னேன். வந்த முதல் வருடம். அவர் தலையை ஆட்டி, சரி, ஓய்வு எடு என்றார். அடுத்த கிழமை என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஒரு மாதம் கழித்து, கெஞ்சித்தான் திரும்பப் போனேன். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்லவில்லை. என் கணவரும் அப்படித்தான். முதுகு பிடித்திருந்தாலும் போவார். இந்த நாட்டில் நாங்கள் நின்று பிடித்ததே அப்படித்தான் என்று நம்பியிருந்தோம்.

அன்றைக்கு எனக்கு வந்த நினைப்பு இதுதான்: இவன் வாய் திறந்தால் இவனுடைய இடத்தில் இன்னொருவனைப் போட்டுவிடுவார்கள். எட்டு வருடம். இன்னும் சில கிழமைதான். ஒருமுறை அந்தப் பெரிய மைதானத்தில் நின்றுவிட்டால் பிறகு எந்த டொக்டரிடமும் போகட்டும்.

மகனுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எனக்கும் வேண்டியிருந்தது. என்னைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பிய நாட்டில், என் வீட்டுப் பெயர் ஒன்று பெரிதாக எழுதப்பட வேண்டும் என்று வேண்டியிருந்தது.

ஊர் முழுக்க அவனுக்குத் தமிழ் தெரியாதது பிழை என்று சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். நான்கு வருடம் அந்தப் பழி அவன்மேல் கிடந்தது.

9

இந்த மார்ச்சில் என் கண் சோதனைக்கு ஜெரோம்தான் காரில் கூட்டிப்போனான். லவாலில் ஒரு கடைத்தொகுதிக்குள் இருக்கும் இடம். காரை நிறுத்தும் இடத்தில் ஊத்தைப் பனி மலையாகக் குவிந்து கிடந்தது. நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். ஸ்டியரிங்கில் வைத்திருந்த இடது கையைப் பார்த்தேன். அந்த இரண்டு விரலும் உள்ளுக்கு மடங்கியபடி கிடந்தன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

நான் பிரெஞ்சில் தொடங்கினேன். இந்த முறை அவனுக்கு ஒரு சொல்கூடப் பிழையாக விளங்கக் கூடாது என்றுதான். வீட்டில் இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அன்றைக்கு நீ விறைப்பைத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் கையுறை போடு என்றேன், உன்னை டொக்டரிடம் போகாமல் பண்ணினது நான்தான் என்றேன்.

அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தமிழில் பதில் சொன்னான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி.

"தெரியும் அம்மா."

"என்னெண்டு தெரியும்?"

"நான் ஒரு சொல் பிழையாச் சொன்னா நீங்கள் விடமாட்டீங்கள். எப்பவும் திருத்துவீங்கள். ஆக்களுக்கு முன்னாலயும் திருத்துவீங்கள். அண்டைக்குத் திருத்தேல்லை."

அவனே தொடர்ந்தான்.

"பஸ்ஸில இருந்து யோசிச்சனான். அம்மா திருத்தேல்லை. அப்ப அம்மாக்கு விளங்கீட்டுது. விளங்கியும் பொறு எண்டு சொல்லுறா."

"அப்ப ஏனடா நீ டொக்டரிட்டப் போகேல்லை?"

"நீங்கள் நிப்பாட்டு எண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் உங்களுக்கு எடுத்தனான். அங்க வேற ஒருத்தரும் அதைச் சொல்லமாட்டினம். எனக்கும் வாயால சொல்லேலாது. நீங்கள் சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று நினைவில்லை. அவன் என் பக்கம் திரும்பவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கையை நீட்டி என் இருக்கை வார்ப்பட்டியைக் கழற்றிவிட்டான். இரண்டு விரலைப் பாவிக்காமல், மற்ற மூன்றாலும் அழுத்தி. "போங்கோ அம்மா. நேரமாகுது. நான் இங்க நிக்கிறன்" என்றான்.

கண்ணுக்குள் மருந்து விட்டார்கள். எல்லாம் கலங்கித் தெரிந்தது. திரும்பி வந்தபோது கதவைத் திறந்துவிட்டு, வீடுவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

ஏப்ரலில் அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ களஞ்சியத்தில் வேலையாம். கூட்டிப்போகவோ வழியனுப்பவோ எங்களைக் கூப்பிடவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னான். என் கணவர், "ஏன் இவன் இவ்வளவு தூரம் போறான்? இங்க வேலை இல்லையே?" என்று ஒரு கிழமை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இன்னும் மெழுகுதிரி கொளுத்துகிறார், மகனுடைய கை சுகமாக வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்திருப்போம் என்று தெரிந்த நேரத்தில் எடுப்பான். தவறவிட்டதில்லை. அங்கே காற்று எப்படி, என்ன சமைத்தான், அப்பா மருந்து எடுக்கிறாரா என்று எல்லாம் கதைப்பான். கையைப் பற்றி நான் கேட்பதில்லை. கேட்கும் உரிமை போய்விட்டது. தகப்பனோடு ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வருகிறது. என்னோடு ஒன்றுகூட இல்லை. முழுக்கப் பிரெஞ்சுதான். அவனுடைய பிரெஞ்சு சுத்தமான பிரெஞ்சு. அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.